காய்ச்சல் வருஷத்துப் புழுப்பெட்டி

அந்தப் பெட்டியைக் கண்ணால் காணாமலே முதலில் சந்தேகப்பட்டது அம்மாதான். பள்ளிக்கூடத்தில் புழு வளர்க்கிறோம் என்று நான் சொன்னதும் தோசைக் கரண்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"புழுவா? யாரு வளர்க்கச் சொன்னது?"

"புது டீச்சர்."

"எதுக்கு?"

"வண்ணத்துப்பூச்சி ஆகுமாம்."

அம்மா அப்பா பக்கம் பார்த்தாள். "கேட்டீங்களா? படிக்க அனுப்பினா புழு வளர்க்கக் கத்துக் குடுக்குறாளாம்."

அப்பா சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தார். "பெட்டி மூடியிருக்கா?" என்று மட்டும் கேட்டார். வலை அடித்து மூடியிருக்கிறது என்றேன். "உள்ள தண்ணி ஏதும் இருக்கா?" என்றார். கிளை வாடாமலிருக்க ஒரு போத்தலில் தண்ணீர் இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அப்பா கண்டி முனிசிப்பல் கந்தோரில் சுகாதாரப் பகுதி கிளார்க். வீட்டிலும் கந்தோரிலும் அளந்து பேசுகிற மனிதர். ஆகவே அந்த இரண்டு கேள்விகளும் என் மனதில் அப்படியே தங்கிவிட்டன.

எங்கள் பள்ளிக்கூடம் வாவிக்கு மேலே ஏறுகிற ஒரு சந்தில் இருந்தது. நீளமான ஒரே மண்டபம். நடுவில் ஆள் உயரத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர் பெரிய வகுப்புகளை நடத்துவார். இந்தப் பக்கம் நாங்கள், சின்னப் பிள்ளைகள். கடைக்காரர் பிள்ளைகள், கிளார்க்கு பிள்ளைகள், ஹந்தானைத் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிற இரண்டு மூன்று பேர். இந்தப் பக்கத்தில் உரக்கத் தும்மினாலும் அந்தப் பக்கத்தில் பிரம்பு மேசையில் தட்டும்.

டீச்சர் அந்த வருஷம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். இளவயது, உயரம், மிகவும் ஒல்லி. அவருடைய பேச்சே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்பார். என் பக்கத்தில் இருந்தவள் அலவத்துகொட ஊர்ப் பிள்ளை; அவளுடைய வாப்பா கலகெதரவில் துணிக்கடை வைத்திருந்தார்; படிப்புக்காக அவள் டவுனில் மாமா வீட்டில் தங்கியிருந்தாள். அவள் ஒருநாள் என் காதில், "டீச்சர் என்னத்துக்கு எந்த நேரமும் மந்திரம் ஓதுறாங்க?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் விபூதி பூசுகிறவர்களே அவ்வளவு ஓதுவதில்லை என்று நான் சொன்னேன். சில நாட்கள் இருவரும் அவருடைய வாயையே கவனித்துக்கொண்டிருந்தோம்.

பெட்டி ஒரு பழைய தேயிலைப் பெட்டி. ஒரு பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு நுளம்பு வலைத் துணியை, கொசுவலையைத்தான், ஆணியடித்து மறைத்திருந்தார். உள்ளே மருந்துப் போத்தலில் ஒரு தேசிக்காய்க் கிளை, எலுமிச்சைதான். கிளையில் புழு எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. இலைகளில் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகச் சில துளிகள்தான் இருந்தன.

"இதுதான் புழு, பிள்ளையள்," என்றார் டீச்சர்.

நாங்கள் நம்பவில்லை. கடைசி வாங்குப் பலகையில் இருந்த பையன் சத்தமாகவே, "எச்சத்தக் காட்டி ஏமாத்துறாங்க," என்றான். டீச்சர் கோபிக்கவில்லை. ஒரு புல்லை எடுத்து அந்த எச்சத்தை மெல்லத் தொட்டார். எச்சம் தலையைத் தூக்கியது. கழுத்துக்குப் பின்னாலிருந்து சிவந்த, இரட்டை நாக்குப் போன்ற ஒன்று சட்டென்று வெளியே நீண்டது. புளித்த நாரத்தை இலை மணம் ஒன்று எழுந்தது. பாதி வகுப்பு வாங்குகளின் மேல் ஏறிவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் பிரம்பு தட்டியது.

"நாக்கு இல்லை. அது கொம்பு மாதிரி ஒண்டு. தன்னைத் தின்ன வாறதைப் பயப்படுத்திறதுக்கு. அதுக்கும் எங்கள்லை சந்தேகம்தானே," என்றார்.

நாட்கள் போகப் புழுக்கள் தோல் கழற்றின. எச்சத்தின் நிறம் போய்ப் பச்சையாகின. கொழுத்தன. இலை தின்னும் சத்தம் கேட்கிறது என்று பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு சண்டை பிடித்தோம். போத்தலில் குறைகிற தண்ணீரை ஊற்றி நிரப்புகிற வேலையை டீச்சர் என் பக்கத்துத் தோழிக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அந்த வேலை கிடைக்காதது வருத்தம்தான். அவளுக்கும் அது தெரியும்.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. மகாவலியில் பாறைகள் வெளியே தெரிந்தன; ஆறு ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கியது. குருநாகல் பக்கம் காய்ச்சல் என்றார்கள். பிறகு கலகெதரவிலும் என்றார்கள். பிறகு டவுனுக்குள் கூலியாட்கள் தகரங்களோடு வந்து சாக்கடைக் கான்களில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு போனார்கள். நுளம்புதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று கந்தோரில் சொல்வதாக அப்பா சொன்னார். அம்மா நம்பவில்லை. "கொசு எந்தக் காலத்துல இல்ல? இப்ப மட்டும் எப்படிக் காய்ச்சல் வரும்?" என்பாள். ஆனாலும் சாயங்காலமானால் சாம்பிராணி போட்டு எல்லாக் கதவையும் அடைத்துவிடுவாள். அந்த மாதங்களில் யாரும் எதையும் முழுதாக நம்பவில்லை. கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சந்தேகப்பட்டார்கள். காய்ச்சலுக்கு இலவசமாகக் கொடுத்த கொயினா மருந்தையும் சந்தேகப்பட்டு வீட்டுக்குப் பின்னால் கொட்டினார்கள்.

ஒருநாள் தோழி வகுப்புக்கு வந்து சிலேட்டை எடுக்காமலே இருந்தாள். கலகெதரவில் அவளுடைய வாப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார்.

பெட்டிக்குள் புழுக்கள் தின்பதை நிறுத்தியிருந்தன. மரமேறி இடுப்பில் கயிறு கட்டிச் சாய்ந்து நிற்பதுபோல, ஒவ்வொன்றும் ஒரு நூலை இடுப்பில் சுற்றிக்கொண்டு காம்பில் சாய்ந்து நின்றது. அப்புறம் அசையாத கூடாகிவிட்டது. "செத்துப்போச்சு," என்றான் கடைசி வாங்குப் பையன். "இல்லை, பொறுங்கோ," என்றார் டீச்சர். பொறுத்தோம். ஒரு கூடு மட்டும் மற்றவை போலில்லாமல் மண்ணைப் போலக் கபில நிறமாகிக்கொண்டு வந்தது. ஒரு காலை அதில் ஊசி குத்தியது போன்ற ஓட்டை இருந்தது. வலையின் உட்பக்கத்தில் மிகச் சிறிய பூச்சிகள் ஊர்ந்தன. சில வலைக்கண் வழியாக வெளியிலும் வந்துவிட்டன.

"கொசு! புழுவுலேந்து கொசு வருது!"

யார் கத்தியது என்று தெரியவில்லை. வகுப்பே கதவுப் பக்கம் ஓடியது. டீச்சர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன்.

"இது நுளம்பு இல்லை. ஆனா என்னெண்டு எனக்கும் தெரியேல்லை, பிள்ளையள்," என்றார்.

தெரியாது என்று சொன்ன வாத்தியாரை நாங்கள் அதுவரை கண்டதில்லை. தெரியாதவர் அது நுளம்பில்லை என்று மட்டும் எப்படிச் சொல்வார்? அன்று பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோன செய்தி ஒன்றுதான்.

மறுநாள் காலை வாங்குகளில் பாதி காலி. மணி அடிப்பதற்கு முன்பே தோழியின் மாமாவும் இன்னும் இரண்டு மூன்று தகப்பன்மாரும் வந்து நின்றார்கள். மாமா மரியாதை தெரிந்த மனிதர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு தணிந்த குரலில்தான் தொடங்கினார்.

"ஊரெல்லாம் சாவு, மய்யித்து விழுந்துட்டு ஈக்குது, மாஸ்டர். இந்த நேரத்துல பூச்சிய வளர்க்கணுமா? இவட வாப்பா அங்க காய்ச்சல்ல கெடக்குறாரு. புள்ளைக்கும் வந்தா நான் தங்கச்சிக்கு என்ன செல்றது?"

"நான் அப்பவே வேணாம்னுதான் நெனைச்சேன்," என்றார் ஹெட்மாஸ்டர். டீச்சர் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. "பார்த்துச் செய்றேன். நீங்க போயிட்டு வாங்க."

இரண்டு நாள் கழித்துச் சனிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். காக்கிச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. சிங்களவர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஹெட்மாஸ்டர் அவரைக் கண்டதும் எழுந்தவர் மறுபடி உட்காரவில்லை. "யாரு சொல்லி வந்தீங்க, மாத்தயா?" என்று சிங்கள மரியாதையோடு கேட்டார். இன்ஸ்பெக்டர் பதில் சொல்லாமல் நேரே எங்கள் பக்கம் வந்தார்.

பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று, வலையில் செத்துக்கிடந்த பூச்சியொன்றை நகத்தில் எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது மதுருவோ இல்லை," என்றார். மதுருவோ என்றால் சிங்களத்தில் நுளம்பு. "இது குளவிச் சாதி. சின்னது. புழுவுக்கு உள்ளே முட்டை போடும். குஞ்சு புழுவைத் தின்னும். மனுசனைக் கடிக்காது."

டீச்சர் மூச்சு விட்டது எங்களுக்குக் கேட்டது. ஆனால் இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. கையை உள்ளே விட்டு மருந்துப் போத்தலை எடுத்து, கிளையை உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"இதுதான் மதுருவோ," என்றார்.

தண்ணீருக்குள் நூல் துண்டுகள் போலச் சில நெளிந்துகொண்டிருந்தன. தலைகீழாகத் தொங்கின, போத்தலைத் தட்டினால் துள்ளி அடிக்குப் போயின. வாரக்கணக்கில் நாங்கள் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். போத்தலை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்றி நிரப்பினோமே தவிர ஒருநாளும் மாற்றவில்லை.

என் தோழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் போத்தலோடு வாசலுக்குப் போனார். டீச்சர் பின்னாலேயே ஓடினார். "மாத்தயா, ஊத்த முன்னம் பிள்ளையள் ஒருக்கா பாக்கட்டும்."

"எதுக்கு?"

"இதுக்கும் செட்டை முளைச்சுப் பறக்கும். அதையும் தெரிஞ்சிருக்கத்தானே வேணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் டீச்சர் மேல் ஒரு சந்தேகம் இருந்திருக்கும். பிறகு போத்தலை நீட்டினார். நாங்கள் வரிசையில் போய்ப் பார்த்தோம். நெளிகிற புழுக்களோடு, காற்புள்ளி போல வளைந்த சிலவும் கிடந்தன. அதுதான் இதனுடைய கூடு என்றார் டீச்சர். வண்ணத்துப்பூச்சிக்குப் போலவே இதற்கும் புழு, கூடு, பிறகு பறத்தல். தோழியின் முறை வந்தபோது அவள் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "இது கலகெதர வரைக்கும் பறக்குமா?" என்று கேட்டாள்.

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. டீச்சருக்கு விளங்கியது. அவள் தோளைப் பிடித்து, "உங்கடை வாப்பாவுக்கு வந்தது இதாலை இல்லையம்மா," என்றார். இன்ஸ்பெக்டரும், காய்ச்சல் நுளம்பின் புழு தண்ணீர் மேல் படுத்திருக்கும், இது தொங்குகிறது, இது வேறு சாதி என்று விளக்கினார். அதன்பின் போத்தலை வாசல் மண்ணில் கவிழ்த்தார். இனிக் கிளைகளை ஈர மணலில் ஊன்றும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறு சாதி என்று அவர் சொன்னது சந்தைத் தெரு வரை போகவில்லை. டீச்சரின் பெட்டியில் நுளம்பு பிடிபட்டது என்பது மட்டும் போயிற்று. ஹெட்மாஸ்டர் பெட்டியைத் தூக்கச் சொன்னார். மிஞ்சிய கூடுகளோடு கிளையை டீச்சர் விறாந்தை மூலையில், மணல் நிரப்பிய மண்சட்டியில் ஊன்றினார்.

அடுத்த நாளிலிருந்து என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தோழி முன் வாங்குக்குப் போய்விட்டாள். இடைவேளையில் கிட்டப் போனபோது முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"ஒங்களுக்குத் தண்ணி ஊத்துற வேல கெடைக்கல்ல. அதுக்குத்தானே ஒங்கட வாப்பாட்ட செல்லிக் குடுத்தீங்க?"

"நான் சொல்லல."

"அப்ப கந்தோருக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

 அதே கேள்வி எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி மூடியிருக்கா? உள்ள தண்ணி இருக்கா? அப்பா கேட்டார், நான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். "அப்பா, இன்ஸ்பெக்டர நீங்கதான் அனுப்புனீங்களா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "கந்தோர் விசயத்த வீட்ல பேசுறதில்லேன்னு தெரியும்ல," என்றார்.

உள்ளேயிருந்து அம்மா, "அனுப்பினா என்ன? நல்லதுதானே செஞ்சாரு," என்றாள். அவள் எப்போதோ தீர்மானித்துவிட்டிருந்தாள். அப்பா அதையும் மறுக்கவில்லை. துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் நடந்த எதையும் நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் சாதாரணமாக, "இன்னிக்கி என்ன படிச்சீங்க?" என்று கேட்டாலும் அதற்குள் வேறேதோ கேள்வி ஒளிந்திருப்பதாகத் தோன்றும். "கணக்கு" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். அவரும் வற்புறுத்தவில்லை. சில வேளை சாப்பிடும்போது நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். உடனே சோற்றைப் பார்ப்பேன்.

ஒருநாள் டீச்சர் வாங்குகளுக்கிடையே நடந்துவந்து என் அருகில் நின்றார். "ஏன் இந்தப் பிள்ளை தனிய இருக்கிறா?"

 மறுபடி கேட்டார். கடைசி வாங்குப் பையன்தான் எழுந்தான். "அவ கோள் சொல்லி, டீச்சர். அவங்கப்பாகிட்ட சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் வந்தாரு."

டீச்சர் கையிலிருந்த சோக்கை மேசையில் வைத்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஹெட்மாஸ்டர் பாடம் வாசித்துக்கொண்டிருந்த குரல் எங்களுக்குக் கேட்டது. எங்கள் பக்கத்துக் குரலும் அங்கே கேட்கும் என்பது டீச்சருக்குத் தெரியாததல்ல.

"இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டது இவவின்ரை அப்பா இல்லை," என்றார் தெளிவாக. "நான்தான் கந்தோருக்குப் போய்க் கூப்பிட்டனான். நான் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம். அதாலை விசயம் தெரிஞ்ச ஆள் ஒராள் வந்து பாத்துச் சொல்லட்டும் எண்டு போனனான். ஆருக்கும் சொல்லவேண்டாம் எண்டு இவவின்ரை அப்பாவை நான்தான் கேட்டனான்."

அந்தப் பக்கத்தில் வாசிப்பு நின்றது. ஹெட்மாஸ்டர் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"எங்கிட்டக் கேக்காம கந்தோருக்குப் போனீங்களா?"

"ஓம்."

"பள்ளிக்கூடத்துப் பேர் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"ஓம், சேர். யோசிச்சுத்தான் போனனான். சும்மா இருந்திருந்தா அந்தப் போத்தல் இப்பவும் இங்கைதான் இருந்திருக்கும்."

ஹெட்மாஸ்டர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் பக்கம் போய், விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். தோழி அன்றே என் பக்கத்துக்குத் திரும்பவில்லை. மறுநாள் வந்து, சிலேட்டுத் துடைக்கிற துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் நான் இதைச் சொன்னபோது அப்பா கந்தோரிலிருந்து வந்திருக்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்பதா, ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடிப்பதா என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, அம்மாவின் யோசனை வேறொரு பக்கம் போய்விட்டது.

"அந்த டீச்சரு தனியாவா கந்தோருக்கு வந்தா?"

"தெரியாது."

"இவர்கிட்ட ரகசியம்னு சொன்னாளா? இவரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அடுத்த காலை வெயில் எரிந்துகொண்டிருந்தது. நான் குடையை மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லி, அம்மா குடையோடு என் பின்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். விறாந்தையில் டீச்சரும் நாங்களும் மண்சட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். ஒரு கூடு கறுத்து, அதன் ஓட்டுக்குள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. "வாங்கோ," என்று டீச்சர் அம்மாவுக்கு இடம் விட்டார். அம்மா டீச்சரை உச்சி முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தாள். பேச வாயெடுத்தாள். அப்போது கூடு முதுகில் பிளந்தது.

வந்தது வண்ணத்துப்பூச்சி போலவே இல்லை. நனைந்த கந்தல் துணி போல ஒன்று தொங்கியது. "இதுதானா?" என்றாள் அம்மா ஏமாற்றத்தோடு. பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கந்தல் மடிப்பு மடிப்பாக விரிந்தது. கறுப்பில் வெண்புள்ளி வரிசை தெளிந்தது. தோழி காலிக் கூட்டை விரலால் தொட்டுப் பார்த்து, வேறெங்கிருந்தோ வந்து உட்கார்ந்த பூச்சியில்லை என்று தனக்குள் உறுதி செய்துகொண்டாள். அம்மா குடையை இடுக்கியபடி, அது செட்டையை உலர்த்திப் பறந்து கூரைக்கு மேலே போகும் வரை நின்றாள். ஹெட்மாஸ்டரும் வாசல் நிலையில் சாய்ந்து நின்றதை அப்புறம்தான் கவனித்தேன். மணி அடிக்கப் பிந்திவிட்டது.

சாயங்காலம் அப்பா வந்ததும் நான் போய் அவருடைய குடையை வாங்கி மூலையில் வைத்தேன்.  என் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

"பள்ளிக்கூடத்துக்குப் போனியாமே? பார்த்தியா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"பார்த்தேன், பார்த்தேன். எலும்பும் தோலுமா இருக்கா. பொங்கிப் போட யாருமில்ல போல."

"நான் பூச்சியக் கேட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தேகம் முழுதாகத் தீர்ந்ததா என்று சொல்லமுடியாது. ஆனால் அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் டீச்சருக்கென்று ஒரு தூக்குச்சட்டி என் கையில் வந்தது. "சாப்பிட்டாளா, முகத்தைச் சுளிச்சாளா, பார்த்துட்டு வா," என்று சொல்லித்தான் அனுப்புவாள்.

தோழியின் வாப்பா பிழைத்தார். மழை திரும்பியபின் ஒருநாள், தோள்களில் கோட்டு தொங்க, மெலிந்து கறுத்துப்போய், மகளைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் மஸ்கத் இனிப்பு. மாமாவும் கூட வந்திருந்தார். டீச்சர் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். மாமா தன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே விறாந்தைப் பக்கம் போய், மண்சட்டியைக் காலால் லேசாகச் சாய்த்து, அடியில் தண்ணீர் ஏதும் தேங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.